முயல் மீட்புக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர்கிறேன்: முதல் நாளுக்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தும்பைப்பூ கேட்டது:

வணக்கம். அடுத்த வாரத்திலிருந்து ஒரு முயல் மீட்புக் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள், காலையில் நாலு மணி நேரம் வேலை பார்க்கப் போகிறேன். மொத்தம் 22 முயல்கள். அதில் ஏழு, ஒரே வீட்டில் கணக்கில்லாமல் பெருகிப்போன கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டு இப்போதுதான் வந்தவை. அவற்றைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். கூண்டைச் சுத்தம் செய்வது, தீனி, தண்ணீர் வைப்பது, பிறகு முயல்களை வெளியே விட்டுப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாய், பூனைகளோடு பழக்கம் உண்டு. முயல் புதிது. என் சந்தேகங்கள்: எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்? கூண்டை எதைக் கொண்டு கழுவுவது? தூக்கும்போது முதுகெலும்பு முறியும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? உடம்பு சரியில்லை என்பதைப் புதியவர் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியாமல் நான் செய்யக்கூடிய தவறுகள் என்னென்ன?

விவரமாகவே சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

---

புல்லுக்கட்டு:

துடைப்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி கழிவுத் தட்டைப் பாருங்க. தன்னார்வலரால ஒரு முயலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். முயல் மத்த மிருகங்களுக்கு இரையாகிற பிராணி, வலியை மறைக்கிறது அதோட பிறவிக்குணம். நாய்க்கு உடம்பு முடியலைன்னா முகத்துலயே தெரியும். முயல் எப்பவும் போலத்தான் உட்கார்ந்திருக்கும். அதோட நிலைமை புழுக்கையில தெரியும், மிச்சம் வச்ச தீனியில தெரியும். நீங்க பெருக்கித் தள்ளிட்டீங்கன்னா, அடுத்து வர்றவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

நல்ல புழுக்கை பட்டாணி அளவுல உருண்டையா, எல்லாம் ஒரே அளவா, பழுப்பு நிறத்துல இருக்கும். விரலால நசுக்கினா உள்ளே புல்நார் தெரியும், உதிரியா உடையும். நல்லா இருக்கிற முயல் ஒரு நாளைக்கு 200, 300 போடும். மிளகு அளவுக்குச் சின்னதா, கறுப்பா, ஒரு பக்கம் கூம்பா இருந்தா குடல் மெதுவாகுதுன்னு அர்த்தம். மாலை கோத்த மாதிரி முடியில தொங்கினா, முடி உதிர்ற காலத்துல நிறைய முடி விழுங்கியிருக்குது. புல்லும் தண்ணியும் கூடுதலா உள்ளே போகணும். இன்னொரு வகை உண்டு. கறுப்பா, பளபளப்பா, சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி, வாடையோட இருக்கும். அது வயித்துப்போக்கு இல்லை. முயல் ஆசனவாயிலிருந்து நேரா எடுத்துத் தின்னுகிற மென்புழுக்கை, அதோட சத்துக்குத் தேவையானது. அது தரையில அடிக்கடி மிஞ்சிக் கிடந்தா பெல்லட் தீனி (அழுத்திச் சின்னக் குச்சியாக்கின தீவனம்) அதிகம்னு நினைக்கலாம். இல்லைன்னா உடம்பு பெருத்தோ, மூட்டு வலியிலோ, பல் கோளாறிலோ முயலால வளைஞ்சு எடுக்க முடியலை. எதுவானாலும் பதிவேட்டுல எழுதுங்க. "சரி" அப்படின்னு ஒரு டிக் போட்டுட்டுப் போகாதீங்க. "புழுக்கை சின்னது, நேத்து வச்ச பெல்லட்டில பாதி மிச்சம், புல் தொடவே இல்லை" அப்படின்னு எழுதினாதான் சாயங்காலம் வர்றவங்க ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

வேலை வரிசை: குட்டிகளும் பால் கொடுக்கிற தாயும் முதல்ல. அப்புறம் ஆரோக்கியமா இருக்கிறவை. அப்புறம் மருந்து சாப்பிடுறவை. புதுசா வந்த அந்த ஏழும் கடைசி. அந்த அறைக்குன்னு தனித் துடைப்பம், தனி வாளி, தனிக் கையுறை, தனி மேலங்கி, செருப்பு இருக்கணும். குறைஞ்சது 14 நாள் அப்படித்தான். அந்த அறைக்குள்ளே போயிட்டு வந்தா, மறுபடி மத்த முயல்கள்கிட்ட அன்னைக்குப் போகாதீங்க. "ஒரு கிண்ணத்தை மட்டும் வச்சுட்டு வந்துடறேன்"னு போறதுலதான் காது உண்ணியும் சளியும் 22 முயலுக்கும் பரவுது. உங்க வீட்டுல முயல் இருந்தா, குளிச்சுத் துணி மாத்தாம அதைத் தொடாதீங்க.

சுத்தம் பண்ற முறை. கழிவுத் தட்டுல காகிதப் பெல்லட்டோ மரப் பெல்லட்டோ 2, 3 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, ஒரு ஓரத்துல நிறைய ஹே (காயவச்ச புல்) குவிங்க. முயல் தின்னுகிட்டே கழிக்கும், அதனால புல் அங்கேயே இருக்கணும். பைன், சீடர் மரச்சீவல் வேண்டாம், அதோட நெடி மூச்சுக்குழாய்க்கும் கல்லீரலுக்கும் கெடுதல். பூனைக்கு விக்கிற கட்டிபிடிக்கிற மண்ணும் வேண்டாம், முயல் தின்னுட்டா குடல்ல இறுகிடும். தட்டைக் கழுவி மாத்தும்போது பழைய ஈரமான பெல்லட் ஒரு பிடி எடுத்துப் புதுத் தட்டோட மூலையில வைங்க. வாசனை மொத்தமும் போயிட்டா, முயல் தன் இடம்னு காட்ட நாலு மூலையிலயும் திரும்பப் பெய்யும். பளிச்சுன்னு கழுவிட்டு, ஒரு மணி நேரத்துல ஏன் இப்படி ஆச்சுன்னு புதியவங்க குழம்புறது இதனாலதான்.

முயல் மூத்திரத்துல சுண்ணாம்பு அதிகம், தட்டுல வெள்ளையா ஏடு கட்டும். வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து ஊத்தி 20 நிமிஷம் ஊற விட்டா சுரண்டாமலே கழண்டு வரும். அதை நல்லா அலசின பிறகுதான் கிருமிநாசினி. ப்ளீச்சை மூத்திரத்து மேலயோ வினிகர் மேலயோ ஊத்தவே கூடாது. ரெண்டுலயும் விஷவாயு கிளம்பும், உங்களுக்கும் ஆபத்து. வீட்டு ப்ளீச்னா 1 பங்குக்குத் தண்ணி 10 பங்கு, அன்னன்னைக்குக் கலக்கணும். பரப்பு 10 நிமிஷம் ஈரமாவே இருக்கணும். தெளிச்ச உடனே துடைச்சா கிருமி சாகாது. பிறகு அலசி, காய வச்சு, அதுக்கப்புறம் முயலை விடுங்க. ஆர்.எச்.டி.ன்னு சொல்ற முயல் ரத்தக்கசிவு நோயோட வைரஸ் வெளியில மாதக்கணக்கா உயிரோட இருக்கும். சாதாரணத் தரை கிளீனர்ல அது போகும்னு நம்ப முடியாது. அதனாலதான் இவ்வளவு கறார்.

தீனி. வைக்கோல் வேற, ஹே வேற. தானியம் எடுத்த பிறகு மிஞ்சின வெறுந்தாள் வைக்கோல், படுக்கைக்கு ஆகும், அதுல சத்து இல்லை. ஹேங்கிறது பச்சையா இருக்கும்போதே அறுத்துக் காயவச்ச புல். தீனியில பெரும்பங்கு, 80, 85 சதவீதம், இதுதான். அந்த முயலோட உடம்பு அளவுக்கு ஒரு குவியல் தினமும் வைக்கணும். பையைத் திறந்ததும் முகர்ந்து பாருங்க. பூஞ்சை வாடையோ, உதறினா புகை மாதிரி தூசியோ வந்தா அந்தக் கட்டை ஒதுக்குங்க. பெல்லட் கண்ணளவுல வேண்டாம், தராசுல நிறுத்துப் போடுங்க. வளர்ந்த முயலுக்குக் கிலோவுக்கு 25 கிராம்தான் உச்சவரம்பு, 2 கிலோ முயலுக்கு ஒரு நாள் முழுக்க 50 கிராம். பாவமா இருக்குதுன்னு இன்னொரு கை சேர்த்துப் போடுறதுதான் நான் சொல்ல நினைச்ச முக்கியமான தவறு. வயிறு பெல்லட்டுல ரொம்பிட்டா புல் தின்னாது. புல் தின்னாட்டி குடல் நகராது, கடைவாய்ப் பல்லும் தேயாது. குதிரைமசால் ஹே (அல்ஃபால்ஃபா) வளர்ற குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் மட்டும். வளர்ந்ததுக்குக் கால்சியம் கூடிடும்.

தண்ணியைக் கனமான பீங்கான் கிண்ணத்துல வைங்க, பாட்டிலை விட அதுல நிறையக் குடிக்கும். பாட்டில்தான் இருக்குதுன்னா ஒவ்வொரு காலையும் குழாய் நுனியில இருக்கிற குண்டு மணியை விரலால தொட்டு, தண்ணி வருதான்னு பாருங்க. மேல பாட்டில் நிறைய இருக்கும், கீழ மணி சிக்கியிருக்கும்.

---

மெல்லநட:

தூக்குவது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் சில வாரம் தூக்கவே வேண்டாம். காப்பகத்தில் உங்களிடம் எதிர்பார்ப்பதில் பெரும்பகுதிக்குத் தூக்க வேண்டிய தேவையும் இல்லை. எடை பார்க்கவா? முயலை எடுத்துச்செல்லும் பெட்டியைத் தராசில் வைத்து, உள்ளே கொஞ்சம் புல்லைப் போட்டு, அதுவாக நுழைந்ததும் மூடிப் பெட்டியின் எடையைக் கழியுங்கள். கூண்டு மாற்றவா? பெட்டியை வாசலோடு ஒட்டி வைத்தால் போதும்.

முதுகெலும்பு முறியும் என்பது உண்மைதான். முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் 7, 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13 சதவீதம். ஆனால் பின்காலில் தசை வலு மிக அதிகம். பின்பக்கம் தாங்கலில்லாமல் தொங்கும்போது பயந்து ஒரு உதை விட்டால், அந்த உதையின் விசையே இடுப்புப் பக்கத்துக் கடைசி முள்ளெலும்பை முறித்துவிடும். அதாவது, கீழே விழாமலே முறியலாம். பின்கால் இரண்டும் செயலிழந்தால் திரும்புவது அரிது.

கட்டாயம் தூக்க வேண்டியபோது: தரையில் மண்டியிட்டு உட்காருங்கள். ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சடியில், மறு கை பிட்டத்தை முழுசாக ஏந்தி, இரண்டும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். உடனே உங்கள் உடம்போடு சேர்த்து, அதன் முகம் உங்கள் முழங்கை மடிப்புக்குள் போகும்படி அணையுங்கள். கண் மறைந்தால் பெரும்பாலும் அடங்கும். துள்ளினால் இறுக்காதீர்கள். தாங்கல் விடாமல் அப்படியே தரைக்குத் தாழ்த்துங்கள். மண்டியிட்டிருப்பதால் அரை அடிதான் தூரம். கூண்டில் திரும்ப விடும்போது பின்பக்கத்தை முதலில் உள்ளே விடுங்கள். முகம் உள்ளே பார்த்தால், கையிலிருந்தே உதைத்துத் தாவும். விபத்தில் பாதி அந்த நொடியில்தான் நடக்கிறது.

காதைப் பிடிப்பது, பிடரித் தோலில் தூக்குவது இரண்டும் கூடாது. மல்லாத்திப் போட்டு அசையாமல் கிடப்பதைத் "தூங்குது, அழகா இருக்கு" என்று சில பேர் காட்டுவார்கள். தூக்கமில்லை அது. பிடிபட்டதும் செத்ததுபோல் உறையும் பயம். நீங்கள் செய்யாதீர்கள், யாராவது செய்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

பழகுவதற்கு: தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, வேறு ஏதாவது வேலை செய்யுங்கள். அது வந்து முகரட்டும். மூக்குக்கு நேர் முன்னால் முயலுக்குக் கண் தெரியாத சிறு பகுதி உண்டு. அங்கே கை நீட்டினால் எங்கிருந்தோ ஏதோ வந்ததாகத்தான் அதற்குத் தோன்றும், கடிக்கும். நெற்றியின் மேலே, காதுக்கு நடுவே தொடுங்கள். பல்லை மெல்ல, ஓசை கேட்டும் கேளாமலும் உரசினால் சுகமாக இருக்கிறது. நறநறவென்று உரக்கக் கடித்தால் வலி. பின்காலை ஓங்கித் தரையில் அடித்தால் பயம் அல்லது கோபம், விலகி இருங்கள். கூண்டுக்குள் கை போனாலே பாய்ந்து கடிக்கும் முயலிடம், அது வெளியே உலாவும்போது கிண்ணத்தை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கருத்தடை செய்யாத பெண் முயல் இப்படித் தன் இடத்தைக் காப்பது வழக்கம்.

நகம் வெட்டச் சொல்வார்கள் என்றால், மொத்தம் 18: முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு. முன்கால் உட்புறம் மேலே இருக்கும் ஐந்தாவதை மறந்தால் வளைந்து தோலில் ஏறும். கறுப்பு நகத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ரத்தநாளம் தெரியும், அதற்கு 2, 3 மி.மீ. முன்னாலேயே வெட்டுங்கள். ரத்தம் வந்தால் ரத்தம் நிறுத்தும் பொடியோ சோளமாவோ வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் துண்டில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் வெட்ட வேண்டும். தனியாக முயல வேண்டாம்.

ஒரு விண்ணப்பம்: வீட்டில் பல வருடம் முயல் வளர்த்த தன்னார்வலர்கள் வந்து "நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று நிற்பது உண்டு. கூட்டமாக வைத்திருக்கும் இடத்தின் விதிகள் வேறு. உங்கள் காப்பகத்தின் நடைமுறை நான் சொல்வதோடு முரண்பட்டால், முதலில் காரணம் கேளுங்கள்.

---

சாய்காது:

கால்நடை மருத்துவ உதவியாளர் என்ற முறையில், "எப்போது பொறுப்பாளரை உடனே கூப்பிட வேண்டும்" என்பதற்கு மட்டும் பதில்.

10 முதல் 12 மணி நேரம் சாப்பிடவில்லை அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்பது முயல் விஷயத்தில் கிடையாது. குடல் நின்றுபோவதைத்தான் ஸ்டேசிஸ் என்கிறோம். வலி, பயம், நார்ச்சத்துக் குறைவு, நீர்வற்றல், இடமாற்றம், ஜோடியின் இழப்பு என எது வேண்டுமானாலும் அதைத் தொடங்கி வைக்கலாம். கூனி உட்கார்ந்து, கண் பாதி மூடி, பிடித்த கீரையைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்து, மறுபடி எழுந்து, இடம் மாறி மாறிப் படுக்கும். காலையில் கதவைத் திறந்ததும் ஓடி வரும் முயல் ஒரு நாள் ஓடி வராவிட்டால், அதுவே போதுமான காரணம். கூப்பிடுங்கள்.

சாதாரண உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். சாப்பிடாத முயலுக்கு 38க்குக் கீழே இறங்கியிருந்தால், காய்ச்சலைவிடக் கவலைக்குரிய அறிகுறி அது. காது சில்லென்று இருக்கும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, அது விலகிப் போக இடம் விட்டு, மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.

வயிறு பறைபோல் இறுகி உப்பியிருந்தால் வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், வயிற்றை அமுக்கிப் பிடித்துவிடாதீர்கள். அடைப்பாக இருக்கலாம், நேரே மருத்துவமனை. சிரிஞ்சில் கூழ் கொடுப்பது அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான். அப்போதும் நிமிர்ந்து நான்கு காலில் இருக்கும் நிலையில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியே, பக்கவாட்டில் ஒரு மி.லி. அளவு விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருந்து அடுத்தது. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும். மல்லாத்தி வைத்து ஊட்டினாலும் அதேதான்.

வேறு சிலவும் கண்ணில் பட வேண்டும். தாடை ஈரம், எச்சில், மென்மையானதை மட்டும் பொறுக்கித் தின்பது பல் கோளாறு. முன்பல் வாரத்துக்கு 2, 3 மி.மீ. வளரும், ஏறுமாறாக இருந்தால் சீக்கிரமே வாய்க்குள் குத்தும். முன்கால் உள்பக்கத்து முடி பசைபோல் ஒட்டியிருந்தால் மூக்கைத் துடைத்திருக்கிறது, சளி. காதுக்குள் அடை அடையாகப் பொருக்கு இருந்தால் உண்ணி. அதைப் பிய்க்காதீர்கள், உயிர் போகும் வலி, மருந்து போட்டால் தானே உதிரும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உட்காது நோயோ, ஈ. குனிகுலி என்ற ஒட்டுண்ணியோ காரணமாக இருக்கலாம். அந்த ஒட்டுண்ணியின் வித்துக்கள் மூத்திரத்தில் வெளியேறும், எனவே நோய் எதிர்ப்புக் குறைந்த தன்னார்வலர்கள் அந்தக் கூண்டைக் கழுவ வேண்டாம். வட்ட வட்டமாக முடி கொட்டிச் செதில் இருந்தால் கையுறை போடுங்கள், படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும்.

வெயில் காலத்தில் ஒவ்வொரு முயலின் பின்புறத்தையும் தினம் இரண்டு முறை பாருங்கள். பச்சை ஈ, அழுக்கும் ஈரமும் உள்ள இடத்தில் முட்டை வைக்கும், ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து சதையைத் தின்னத் தொடங்கும். முடியின் அடியில் அரிசி நொறுக்குபோல் வெள்ளையாக ஒட்டியிருப்பது முட்டை. புழு தெரிந்தால் அடுத்த வேலை எதுவும் இல்லை, மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். அழுக்கான பின்புறத்தை அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். முழு முயலையும் குளிப்பாட்டக் கூடாது. பயத்திலேயே உயிர் போகலாம், அடர்ந்த முடி காய்வதற்குள் உடம்பு சில்லிட்டுவிடும்.

28 டிகிரிக்கு மேல் போனாலே வெப்பம் தாக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, காது சிவந்து சூடாவது, துவண்டு கிடப்பது. காதைக் குளிர்ந்த தண்ணீரால் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். காதின் ரத்தநாளங்கள் வழியாகத்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது.

மருந்து அலமாரியைத் தொடாதீர்கள். நாய், பூனைக்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனில் தெளிப்பு முயலைக் கொல்லும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் வாய்வழி போனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா அழிந்து உயிருக்கு ஆபத்து. ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடுவதும் முயலுக்குப் பொருந்தாது, அதற்கு வாந்தி எடுக்க வராது. அதன் சொந்தப் புல்லையும், ஜோடி இருந்தால் ஜோடியையும் சேர்த்து அனுப்புங்கள். ஜோடியைப் பிரித்து அனுப்பினால், மருத்துவமனை வாடையோடு திரும்பும் முயலை மற்றது அடிக்கக்கூடும்.

---

தும்பைப்பூ:

நன்றி, குறித்துக்கொண்டேன். இன்று காப்பகத்தை ஒருமுறை பார்த்து வந்தேன். புதிதாக வந்த ஏழில் ஒன்று வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போகிறது, தன் நெஞ்சு முடியைப் பிடுங்குகிறது. சினையாக இருக்குமா? ஏழும் சேர்ந்தே இருந்தனவாம்.

---

கொத்துமூலை:

சினையென்றே வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். பொய்ச்சினையிலும் இப்படிக் கூடு கட்டும், ஆனால் அதை உறுதி செய்யும்வரை காத்திருந்தால் குட்டிகள் வெறும் தரையில் விழும்.

சினைக்காலம் 30 முதல் 32 நாள். முடி பிடுங்கினால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஈனும். அது உள்ளே திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டி, வாசல் பக்கம் 15 செ.மீ. உயரத் தடுப்பு, உள்ளே ஹே. அது ஏற்கெனவே குவித்த புல்லையும் முடியையும் அப்படியே எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அது தேர்ந்தெடுத்த மூலையிலேயே வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் பெட்டியை விட்டுவிட்டு மூலையிலேயே ஈனும். முக்கியமானது, எந்த ஆண் முயலும் அந்தக் கூண்டில் இருக்கக் கூடாது. ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும், ஆணோடு விட்டால் 31 நாளில் அடுத்த ஈற்று.

தாய் குட்டிகளின் மேல் படுக்காது, கூட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம் மட்டும் பால் கொடுக்கும். "தாய் கைவிட்டுவிட்டது" என்று குட்டியை எடுத்துப் புட்டிப்பால் கொடுக்கத் தொடங்குவதுதான் பெரிய தவறு. நாளுக்கு ஒரு முறை, தாயின் படுக்கைப் புல்லைக் கையில் தேய்த்துவிட்டு, எண்ணுங்கள். வயிறு உருண்டு, தோல் சுருக்கமில்லாமல், சூடாக இருந்தால் பால் குடித்திருக்கிறது. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, தொட்டதும் துள்ளிக் கொண்டே இருந்தால் குடிக்கவில்லை. கூட்டுக்கு வெளியே சில்லிட்டுக் கிடந்தால் முதலில் உள்ளங்கையில் சூடேற்றி, பிறகு மற்றவற்றோடு சேருங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. செத்த குட்டி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கண் 10, 12 நாளில் திறக்கும். 8 வாரம்வரை தாயோடு விடுங்கள், 10 வாரத்துக்குள் ஆண் குட்டிகளைத் தனியாக்குங்கள், விரை இறங்குவது 10 முதல் 14 வாரத்தில்.

மீதி ஆறும் ஆணா பெண்ணா என்று பொறுப்பாளர் இன்றைக்கே பார்க்க வேண்டும். மெல்ல அழுத்தினால் ஆணுக்கு வட்டத் துளையோடு குழல்போல் வெளியே வரும், பெண்ணுக்கு ஆசனவாயை நோக்கி நீளும் கீறல் தெரியும். குட்டியில் தவறுவது சகஜம், எனவே இரண்டு பேர் பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெண் முயலின் அட்டையிலும் ஆணிடமிருந்து பிரித்த தேதியை எழுதுங்கள். அதிலிருந்து 32 நாள் தாண்டும்வரை எல்லாமே சினை என்றே கணக்கு. ஆணுக்குக் கருத்தடை ஆன பிறகும் 4 முதல் 6 வாரம் சினைப்படுத்தும் திறன் மிஞ்சியிருக்கும், "ஆபரேஷன் முடிந்தது" என்று மறுநாளே ஜோடி சேர்க்க வேண்டாம்.

---

மெல்லநட:

ஜோடி சேர்ப்பது பற்றி ஒரு வரி. இரண்டு முயலை அறிமுகம் செய்யும்போது உதவிக்குக் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் பழக்கமில்லாத இடம், இரண்டு வழியும் திறந்த அட்டைப்பெட்டி, நிறையப் புல். மேலே ஏறுவது, துரத்துவது, கொஞ்சம் முடி பறப்பது நடக்கும், பதற வேண்டாம். வால் விறைத்து, காது பின்னால் படிந்து, ஒன்றையொன்று கவ்விச் சுழன்றால் சண்டை. கையை நடுவில் விடாதீர்கள், ஆழமாகக் கடிபடும். குப்பை முறத்தையோ தடித்த துண்டையோ நடுவில் இறக்குங்கள். அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், தேடுவதற்கு நேரம் இருக்காது.

---

தும்பைப்பூ:

கடைசியாக ஒன்று. அந்த அறையில் ஒரு தட்டில் மூத்திரம் ஆரஞ்சுச் சிவப்பு, பக்கத்துக் கூண்டில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தண்ணீர்போல. இரண்டும் நோயா?

---

சாய்காது:

பெரும்பாலும் இரண்டும் இயல்பு. தின்ற தாவரத்தின் நிறமிகளால் மஞ்சளிலிருந்து செம்பழுப்புவரை மாறும், கால்சியத்தால் கலங்கலாகவும் இருக்கும். பார்க்க வேண்டியது இதுதான்: மூத்திரம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் நிறமி. தெளிந்த மூத்திரத்தில் திட்டுத் திட்டாகவோ கட்டியாகவோ சிவப்பு இருந்தால், அல்லது போய் முடிக்கும் கடைசியில் மட்டும் சிவப்பாக வந்தால் ரத்தம். கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் முயலுக்கு அப்படி வந்தால் கருப்பைப் புற்று இருக்கலாம், அந்த வயதில் அது அதிகம். வெள்ளை கெட்டியாகிப் பற்பசைபோல் வெளிவந்தாலோ, வாலைத் தூக்கி முக்கினாலோ, பின்கால்கள் மூத்திரத்தில் ஊறித் தோல் சிவந்திருந்தாலோ சிறுநீர்ப்பையில் மண்டி தேங்கியிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் பெல்லட் போடாத காலித் தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். வந்ததைப் படமெடுத்து, கூண்டு எண்ணும் நேரமும் எழுதி, காகிதத்தோடு பொறுப்பாளரிடம் கொடுங்கள். ரத்தமா இல்லையா என்பதைப் பரிசோதனைப் பட்டை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். அந்த ஆரஞ்சுத் தட்டு ஆணுடையதா பெண்ணுடையதா என்று மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.